மலைமுடியில் நின்றவர்கள்

இலங்கையின் தென்மேற்குக் கடலில் மரக்கலம் ஓட்டி வந்த முற்காலத்து மாலுமிகள், கரையைக் காணுமுன் ஒரு மலையைக் கண்டனர். வானத்தின் ஓரத்திலே கூம்பு ஒன்றை நிறுத்தி வைத்தாற்போலத் தோன்றிய அம்மலையையே நாம் சிவனொளிபாதமலை என்கிறோம். சிங்கள மக்கள் அதனைச் சிறீபாத என்றும் சமனல என்றும் வழங்குவர். முஸ்லிம்களும் ஐரோப்பியரும் ஆதத்தின் மலை என்பர். உள்நாட்டுப் பெருமலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து மறைந்து நிற்க, இது மட்டும் மேற்கு விளிம்பிலே தனித்து எழுந்து நிற்பதால், இத்தீவின் மிக உயர்ந்த மலை இதுவே என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பிரித்தானிய நில அளவையாளர் கருவிகளோடு வந்து அளந்த பின்னரே, நுவரெலியா நகரின் பின்னால் ஆரவாரமின்றிக் கிடக்கும் பீதுருதாலகாலை அதனினும் உயர்ந்தது என்பது தெளிவாயிற்று. இன்றைய கணக்கின்படி பீதுருதாலகாலை 2,524 மீற்றர். சிவனொளிபாதம் 2,243 மீற்றர். முதலிடத்தில் இருந்த மலை இன்று ஐந்தாம் இடத்தில் வைத்து எண்ணப்படுகிறது. ஆயினும் யாத்திரிகர் எவரும் அதன் பொருட்டுப் பீதுருதாலகாலைக்கு மாறிச் சென்றாரல்லர்.

எந்த மலைக்கு எந்த ஊர் வழியாக ஏறலாம், எங்கே தங்கலாம், எந்த மாதத்தில் மூடுபனி குறைவு என்பவற்றைக் கூறும் கைந்நூல்கள் இன்று மலிந்து கிடக்கின்றன. நான் கூற எண்ணுவது வேறொன்று. நம்முடைய மலைமுடிகளில் ஏறி நின்றவர்கள் கீழே நோக்கியபொழுது எதனைக் கண்டார்கள்? பக்தரும் காவலரும், அளவையாளரும் வேட்டைக்காரரும், தோட்டத்துரையும் உல்லாசப் பிரயாணியும் ஒரே இடத்தில் நின்று ஒரே திசையை நோக்கினாலும், அவர்கள் கண்டது ஒன்றன்று. அவ்வேறுபாட்டிலே இத்தீவின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி அடங்கியிருக்கிறது.

சிவனொளிபாதத்திலிருந்தே தொடங்குவோம். மகாவம்சத்தின் முதல் அதிகாரத்திலேயே சுமனகூடம் என்னும் பெயரால் இம்மலை பேசப்படுகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த சீன யாத்திரிகர் பாகியன், மலையுச்சியில் உள்ள பாதச் சுவட்டைக் குறிப்பிட்டுள்ளார். நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் இலங்காதீவத்து மலை ஒன்றைச் சமனொளி என்னும் பெயரால் அறிந்திருக்கிறது. சமனொளி என்ற அப்பழம்பெயரையும் சிவனொளி என்ற இன்றைய பெயரையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, ஒன்று மற்றொன்றாகக் கனிந்த வழி புலப்படாமற் போகாது. மலை ஒன்றுதான், வந்தவர் ஒவ்வொருவரும் தத்தம் தெய்வத்தின் அடியை அதிலே கண்டனர்.

அங்கே ஏறியோருக்கு அரசர் செய்த உதவி கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. சோழரிடமிருந்து நாட்டை மீட்டுப் பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் விசயபாகு, யாத்திரிகரின் உணவுக்கும் தங்குமிடத்துக்குமாக ஊர்களை மானியமாக விட்ட செய்தியை அம்பகமுவைக் கல்வெட்டு கூறும். தாழ்ந்த குலத்தவர் எனப்பட்டோர் நின்று வணங்குவதற்காகப் பாதத்தின் கீழே தனி மேடை ஒன்றை அமைத்ததாகவும் அதே கல்வெட்டு அறிவிக்கிறது. அரசன் அதனைத் தருமம் என்றே எண்ணிச் செய்திருப்பான். மலையுச்சியை அடைந்த பின்னரும் ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நிற்க வேண்டியிருந்தது என்பதை அந்தக் கல் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

1344 ஆம் ஆண்டில் மொறோக்கோ நாட்டு யாத்திரிகராகிய இபின் பதூதா மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி, நம் யாழ்ப்பாண அரசன். பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக்கூடிய அவ்வரசன், விருந்தினரை நோக்கி வேண்டியது யாது என வினவ, ஆதத்தின் பாதத்தைத் தரிசிப்பதன்றி வேறொன்றும் வேண்டேன் என்றார் அவர். அரசன் பல்லக்கும் அதனைச் சுமப்போரும் கொடுத்தான். உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரை அனுப்பினான். ஆண்டுதோறும் அம்மலைக்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய நான்கு யோகியரையும் பிராமணர் மூவரையும் துணையாக விட்டான். சைவ அரசன் ஒருவன் முஸ்லிம் அறிஞர் ஒருவரை, யோகியர் வழிகாட்ட, பௌத்தர் போற்றும் மலைக்கு அனுப்பி வைக்கிறான். சமய ஒற்றுமையைப் பற்றி ஒரு சொற்பொழிவுமின்றியே அது அன்று நடந்தேறியது.

இபின் பதூதாவின் குறிப்பில் அட்டையும் வருகிறது. அட்டை பற்றிக்கொண்டால் பிழிந்து விடுவதற்கென்று மக்கள் எலுமிச்சம்பழத்தைக் கையிலே வைத்திருப்பர் என்று எழுதினார். ஏறுவோர் பற்றிக்கொள்வதற்காகப் பாறையில் பொருத்தப்பட்ட இரும்புச் சங்கிலிகளையும் அவர் விவரித்தார். அவற்றுட் பத்தாவது சங்கிலிக்கு இறைநம்பிக்கைச் சாட்சியத்தின் சங்கிலி என்று பெயராம். காரணம், அவ்விடத்தை அடைந்து கீழே நோக்குபவன் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தாற் கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிடுவான் என்பதே. இதனை நாம் நின்று கவனிக்க வேண்டும். கீழே நோக்குதல் என்பது அக்காலத்தவருக்கு இன்பமன்று; அச்சம். ஏறுபவனின் கண் மேலே இருக்கும் பாதத்தில் இருந்தது. கீழே பரந்து கிடந்த காடும் ஆறும் அவனுக்குக் காட்சியாகத் தோன்றவில்லை. காட்சி காண்பதற்கென்றே மலை ஏறுதல் என்பது பிற்காலத்தில் வந்து சேர்ந்த பழக்கம்.

ஆயினும் அதற்கு ஒரு பழைய விலக்கு உண்டு. அது சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் ஏறக்குறைய இருநூறு மீற்றர் உயரமான அப்பாறையின் உச்சியிலே மாளிகை அமைத்தான். அவன் மறைந்து சில நூற்றாண்டுகள் சென்றபின், அரண்மனை பாழாகிக் கிடந்த காலத்தில், அதனைக் காண்பதற்கென்றே மக்கள் வந்தனர். வந்தவர்கள் கண்ணாடிச் சுவரிலே தம் பெயரையும் பாட்டையும் கீறிச் சென்றனர். துறவியர், போர்வீரர், பெண்டிர் எனப் பலதிறத்தாரும் அவர்களுள் இருந்தனர். எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட 685 பாடல்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான வாசித்து 1956 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உலகின் பழைமையான பார்வையாளர் குறிப்பேடுகளுள் ஒன்று நம் நாட்டில் இருக்கிறதென்று நாம் பெருமை கொள்ளலாம். அங்கே எழுதினோருட் பலர் பாறையிலிருந்து தெரியும் நாட்டைப் பாடவில்லை. பாறையில் தீட்டப்பட்ட பெண்களைத்தான் பாடினர் என்பதையும் சொல்லாமல் விட இயலாது.

பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிலே மலையுச்சியின் பயன் மாறிற்று. கரையோரம் போர்த்துக்கேயர் வசமாகியபின், சுதந்திரம் என்பது மலைக்குள்ளே மட்டும் எஞ்சியிருந்தது. கண்டி இராச்சியத்தின் மேற்கு வாயிலாகிய கணவாய்க்குப் பலன என்று பெயர். சிங்களத்தில் அதன் பொருள் நோக்குமிடம் என்பதே. அங்கிருந்து பார்த்தால் கீழ்நாட்டிலிருந்து ஏறிவரும் படை முன்கூட்டியே தெரியும். போர்த்துக்கேயர் கண்டிமீது படையெடுத்தபோதெல்லாம் அக்கணவாய்க்காகவே இரத்தம் சிந்தப்பட்டது. கண்டி மன்னர் அகன்ற பாதைகளை விரும்பவில்லை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், ஒற்றையடிப் பாதைகளையும், அவற்றின் குறுக்கே காவலர் நின்ற முட்கதவுகளையும் தம் நூலில் விவரித்திருக்கிறார். காடும் சரிவும் ஒற்றையடிப் பாதையுமே கண்டியின் கோட்டை மதில்களாயின.

மலையைக் குடைந்து ஒருவன் வழி செய்யும் நாளில் கண்டி அழியும் என்று மக்களிடையே ஒரு முதுசொல் வழங்கிற்று. 1815 ஆம் ஆண்டில் கண்டி பிரித்தானியர் கைப்பட்டது. பாறை அதன் பின்னரே குடையப்பட்டது. கடுகண்ணாவையில் கொழும்பு–கண்டிப் பெருவீதியின் அருகே இன்றும் காணப்படும் அத்துளைப்பாறையையும், வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட கோபுரத்தையும் பிரயாணிகள் வாகனத்தை நிறுத்திப் பார்க்கின்றனர். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் இவ்வீதிகளை அமைத்தது வணிகத்தின் பொருட்டு என்பதினும் முதலிற் படை நடத்துதற் பொருட்டே என்பேன். 1817–1818 ஊவாக் கிளர்ச்சியை அடக்குவதற்குள் பிரித்தானியர் பட்ட பாடு, வீதியில்லாத மலைநாட்டை ஆள இயலாது என்று அவர்களுக்குக் கற்பித்திருந்தது. வீதி வந்தபின் முட்கதவுக்கு வேலையில்லை. காவலன் நின்ற மேட்டிலே அளவையாளன் முக்காலியை நாட்டினான்.

அளவையாளர் செய்த முதற்காரியம் பெயரிடுதல். தும்பறைப் பள்ளத்தாக்குக்கு அப்பால் மேகம் கவிந்து நிற்கும் மலைத்தொடரை, மடக்கிய கையின் விரல் முட்டுகளுக்கு ஒப்பிட்டு நக்கிள்ஸ் என்றனர். சிங்களத்திலே அதற்குத் தும்பறை மலைத்தொடர் என்ற பெயர் முன்னமே இருந்தது. மகா எலிய என்று சுற்றூரார் அழைத்த உயர்ந்த புல்வெளியை 1834 ஆம் ஆண்டில் இரண்டு இராணுவ உத்தியோகத்தர் கண்டனர். கண்டதைக் கண்டுபிடித்ததாக எழுதினர். அன்றைய தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் பெயரை அதற்குச் சூட்டினர். தேசாதிபதி 1837 இற் போய்விட்டார். ஹோட்டன் சமவெளி என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

அச்சமவெளியின் தென்விளிம்பிலே நிலம் திடீரென அறுந்து, எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. உலக முடிவு என்று அதற்குப் பெயர். காலை ஒன்பது மணிக்குள் சென்றவர் தெற்கே தாழ்நிலத்தையும், வானம் தெளிந்திருப்பின் கடலின் கோட்டையும் காண்பர். அதற்குப் பின் செல்வோர் பெரும்பாலும் வெண்மூடுபனியையே காண்பர். இத்தீவின் நிலவமைப்பு மூன்று படிகளாக உயர்கிறதென்று 1929 ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் புவிச்சரிதவியலாளர் பிராங் அடம்ஸ் விளக்கினார். அப்படிகளுள் மேற்படியின் விளிம்பு எத்தகையது என்பதை நூலிற் படிப்பதிலும் உலக முடிவிலே ஒரு முறை நின்று அறிவது நன்று. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெரு நதிகளுக்கும் நீர் ஊட்டும் அருவிகள் இச்சமவெளியிலும் அதன் ஓரங்களிலும் பிறக்கின்றன. தீவின் இரண்டாவது, மூன்றாவது உயர்ந்த சிகரங்களாகிய கிரிகல்பொத்தையும் தொட்டுபொலவும் இங்கேதான் இருக்கின்றன. சமவெளியே ஈராயிரம் மீற்றருக்கு மேல் உயர்ந்திருப்பதால், அங்கே நிற்பவருக்கு அவை சிகரங்களாகவே தோன்றா.

இம்மலைகளுக்கு முதலில் விரும்பி வந்த வெள்ளையர் வேட்டைக்காரர். மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேற் கொன்றதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அவர் 1845 ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே, இடிமழை ஓய்ந்ததென்று எண்ணி வெளியே வந்து நின்றபோது மின்னல் தாக்கி இறந்தார். யானைகளின் சாபம் என்று ஊரார் பேசிக்கொண்டனர். சாபத்தை நான் வாதிட வரவில்லை. ஒரு காலத்தில் ஹோட்டன் சமவெளியில் உலாவிய யானை இன்று அங்கில்லை என்பது மட்டும் உறுதி. மரை இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது.

வேட்டைக்காரனுக்குப் பின் வந்தவன் தோட்டக்காரன். கோப்பிக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. மலைகளை அளந்து ஏக்கர் கணக்கில் முடிக்குரிய நிலமாக விற்றபோது, உச்சியில் நின்று நோக்கியவனின் கண்ணுக்குக் கீழே தெரிந்தது விலை. 1869 ஆம் ஆண்டிற் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது ஆண்டுக்குள் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் லூல்கந்துரவில் பயிரிட்டுப் பார்த்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இதற்கிடையே 1873 ஆம் ஆண்டில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் ஹூக்கர், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காட்டைத் தொடாது விடுக என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். மலைக்காடு நீங்கினால் மழையும் ஊற்றும் நீங்கும் என்பதே அதன் கருத்து. அவ்வெல்லைக்கு மேலும் தேயிலை ஏறிய இடங்கள் உண்டென்பது நுவரெலியாவுக்குச் சென்ற எவருக்கும் தெரியும். ஆயினும் அவ்வாலோசனை எழுதப்படாதிருந்தால், சிவனொளிபாதத்தின் படிக்கட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே சென்று முடிந்திருக்கும். சிவனொளிபாதக் காட்டையும் ஹோட்டன் சமவெளியையும் நக்கிள்ஸ் காட்டையும் சேர்த்து யுனெஸ்கோ நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. சிகரங்களைப் பார்த்து மகிழும் நாம், பார்ப்பதற்குக் காடு எஞ்சியிருப்பதன் பொருட்டு அத்தாவரவியலாளருக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறோம்.

காட்டை வெட்டியவர் யார், கோப்பிக்கும் தேயிலைக்கும் குழி வெட்டியவர் யார் என்பதை இங்கே கூறியாக வேண்டும். மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்ட மக்கள், மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் வந்த பாதையில் நினைவுக் கோபுரம் ஒன்றும் அன்று எழவில்லை. கடலிலிருந்து சிவனொளிபாதத்தைக் கண்டு கை கூப்பிய யாத்திரிகரைப் பற்றி எழுதியவர் உளர். மாத்தளைக்கு மேலே எழும் மலைகளை முதன்முதற் கண்ட அந்த ஏழைகள் என்ன நினைத்தனர் என்பதை எழுதி வைத்தவர் இலர்.

புகையிரதம் 1885 ஆம் ஆண்டில் நானுஓயாவை அடைந்தது. 1893 இல் அப்புத்தளையையும், 1924 இல் பதுளையையும் அடைந்தது. பட்டிப்பொலவுக்கு அப்பால் 6,226 அடி உயரத்திலே பாதை ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. இருளின் மறுபக்கத்தில் ஊவாவின் பள்ளத்தாக்குகள் திரை விலக்கினாற்போலத் தோன்றும். பிரயாணிகள் அனைவரும் ஒரே பக்கத்துச் சன்னலுக்கு ஓடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 1921 ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண்பதற்கென்றே இன்று வெளிநாட்டார் எல்லவுக்கு வருகின்றனர். இப்பாதை போடப்பட்டது காட்சிக்காகவன்று, தேயிலைப் பெட்டியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கு என்பதை அவர்களுட் சிலராவது அறிந்திருப்பர்.

1890 ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகராகிய தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கருகே தம்பத்தன்னைத் தோட்டத்தின் மேல் விளிம்பிலே அவர் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் இடம் லிப்டன் ஆசனம் எனப்படுகிறது. அங்கிருந்து நோக்கினால், அடுக்கடுக்காக இறங்கும் தேயிலைச் சரிவுகளும் அவற்றுக்கப்பால் தெற்கே தாழ்நிலமும் தெரியும். மலைநாட்டின் காட்சிமேடைகளுள் அதனினும் அழகியது அரிதே. ஒரு மனிதன் தன் உடைமை முழுவதையும் ஒரே பார்வையிற் காண்பதற்கு வாய்ப்பான இடம் என்பதும் அதன் சிறப்புகளுள் ஒன்று.

மலைநாட்டுப் பாடசாலைகளிற் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையிலே ஒரு சொல்லைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். தோட்டத்து மக்களின் பேச்சிலே மலை என்றால் சிகரம் அன்று. கொழுந்து பறிக்கும் நிலப்பகுதிக்கே மலை என்று பெயர். ஒவ்வொரு மலைக்கும் இலக்கம் உண்டு. மலைக்குப் போதல் என்றால் வேலைக்குப் போதல். அகராதி எழுதும் அறிஞர் இப்பொருளைத் தவறாது சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மாணவரை லிப்டன் ஆசனத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நகரத்துப் பிள்ளைகள் அம்பாந்தோட்டைக் கடல் எந்தத் திசையில் தெரியும் என்று கேட்டுக்கொண்டிருந்தனர். ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கடலைத் தேடவில்லை. விளிம்பிலே நின்று கீழே கை நீட்டி, "சேர், அந்தா தெரியுதே, அந்தப் பதினாலாம் நம்பர் மலையிலதான் அம்மா இன்னைக்குக் கொழுந்து எடுக்கிறாங்க" என்றாள். நான் உற்று நோக்கினேன். பச்சைச் சரிவிலே புள்ளி புள்ளியாக நிறங்கள் தெரிந்தன. அவற்றுள் எது தன் தாய் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மக்கள் அந்நிலத்தில் எவ்வளவு உரிமையோடு நின்றனர் என்பது வேறு கதை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் தேதி இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இற் செய்த மற்றோர் உடன்படிக்கை இரு நாட்டுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. இலங்கையிலே பிறந்து, இலங்கை மலையன்றி வேறு மலை அறியாதவர்கள், தகரப்பெட்டியோடு தலைமன்னாருக்குப் புகையிரதம் ஏறினர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில் வந்தது. முதற் சட்டத்துக்கும் இதற்கும் இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

லிப்டன் ஆசனத்தின் தெற்கே இறங்கும் அதே சரிவுத் தொடரில், கொஸ்லந்தைக்கருகே மீரியபெத்தை என்னும் தோட்டப் பிரிவு இருந்தது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆந் தேதி காலையில் மலை இடிந்து அங்கிருந்த லயங்களை மூடிற்று. அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுப் போனதனால் உயிர் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை. சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்று அதற்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்கும் மாற்று வீட்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் மழை பெய்தது. செங்குத்தான மண்சரிவிற் காடு நீங்கி, கீழே வரிசையாக வீடமைத்துக் குடியிருத்தல் எத்தகையது என்பது மேலே நின்று நோக்குபவனுக்கு அழகாகவே தெரிவதால், இதனை நான் சிறிது அழுத்திக் கூறுகிறேன்.

மஸ்கெலியாப் பகுதியில் ஏழு கன்னிமலை என்னும் தொடர் ஒன்றுண்டு. ஏழு முகடுகள் அடுத்தடுத்து நிற்கும் அதனையும் பிரயாணிகள் படம் பிடிப்பர். 1974 ஆம் ஆண்டு திசம்பர் மாதம் 4 ஆந் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்கா செல்லும் யாத்திரிகரை ஏற்றிக் கொழும்பை நோக்கி வந்த விமானம் அம்மலையில் மோதிற்று. விமான நிலையத்தை நெருங்கிவிட்டோம் எனக் கருதிய விமானிகள் இருளிலே உயரத்தைக் குறைத்திருந்தனர். 191 பேரும் மாண்டனர். மலையிலே ஏறி முதலில் அவ்விடத்தை அடைந்தோருள் சுற்றுத் தோட்டங்களின் தொழிலாளரும் இருந்தனர். பாதம் பதிந்த மலையைக் காணப் பதினான்காம் நூற்றாண்டில் ஒரு முஸ்லிம் யாத்திரிகர் வந்த அதே மலைச்சாரலிலே, இருபதாம் நூற்றாண்டின் யாத்திரிகர் உறங்குகின்றனர்.

பீதுருதாலகாலையைப் பற்றித் தொடக்கத்திற் கூறி அப்படியே விட்டுவிட்டேன். அதன் உச்சியிலே 1982 ஆம் ஆண்டு முதல் தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. நாட்டின் மிக உயர்ந்த இடம் பல ஆண்டுகள் பொதுமக்கள் செல்லலாகாத பாதுகாப்பு வலயமாயிருந்தது. தீவிலே மிக உயர்ந்த சிகரம் காண்பதற்கன்றி, காண்பிப்பதற்குப் பயன்படுகிறது. ஏறத்தக்க சிகரம் எது என்று என்னைக் கேட்போருக்கு நான் பழைய மலையையே சொல்வேன். திசம்பர்ப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை அதன் பருவம். நல்லதண்ணி வழியாக ஏறுவோருக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரி வழி இன்னும் நீண்டது, இன்னும் பழையது. வழியிலே ஓரிடத்தில் ஊசியும் நூலும் கொண்டு நூலை நீட்டிச் செல்வர். உச்சியிலே எத்தனையாவது முறை ஏறினரோ அத்தனை முறை மணியை அடிப்பர். ஞாயிறு எழுந்ததும் எதிர்த்திசையிலே மூடுபனியின் மீது மலையின் நிழல் முக்கோணமாக விழும். 1880களில் இதனை ஆராய்வதற்கென்றே வந்த வானிலை அறிஞர் றல்ப் அபர்குறொம்பி, அது மாயத்தோற்றமன்று, உண்மையான நிழலே என்று காட்டினார். யாத்திரிகர் அதனைக் கண்டு இன்றும் கை கூப்புகின்றனர். இரண்டுக்கும் இடையே எனக்கு முரண்பாடு தோன்றவில்லை.

நிழலுக்குக் காத்திருக்கும் அந்த வைகறைப் பொழுதில் கிழக்கே திரும்பிப் பாராமற் கீழே பார்ப்பவர் சிலரே. கரிய பள்ளத்தாக்கில் வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். அவை மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களின் லயங்கள். முற்காலத்தில் அவ்வேளையிலே பெரட்டுக்களத்தில் தப்பு முழங்கும். இன்று தப்பு இல்லை. ஆயினும் ஞாயிறு எழுமுன் அடுப்பு மூட்டி, உரொட்டி சுட்டு, பிள்ளையை எழுப்பிவிட்டு, பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்படுகின்றனர்.